செபஸ்தியாரை யாரிடம் விடுவது

எங்கள் வீட்டு முன்னறையில் செபஸ்தியார் வந்து நின்று நாலு வருஷம் ஆகிவிட்டது. முறைப்படி ஒரு வருஷம்தான் நிற்க வேண்டும். மரத்தோடு கட்டி, உடம்பெங்கும் அம்பு தைத்து, இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு நிற்கிற சுரூபம். மெக்சிகோவில் எங்கள் ஊர் வெயிலுக்கு அந்த உடுப்பு தாராளம். அமெரிக்காவில் இந்த நெப்ராஸ்கா மாநிலத்தில் அவர் திருவிழா நட்ட நடுப் பனிக்காலத்தில் வருகிறது. இங்கே வந்த முதல் வருஷமே யாரோ ஒருத்தி மனசு கேட்காமல் சிவப்பு ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிவிட்டாள், பல்கலைக்கழகக் கால்பந்துக்காரர்கள் போடுகிற ஸ்வெட்டர். அம்புகளுக்காக அதில் ஓட்டை வெட்டியிருக்கிறது. பாதிரியாருக்கு அது பிடிக்காது. பாதிரியாருக்கென்ன, அவருக்குக் குளிராது, அதனால் சொல்கிறார்.

செபஸ்தியார் இருக்கிற வீட்டுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகக் கூடாது. விளக்கு அணையக் கூடாது. திருவிழாவன்று எத்தனை பேர் வந்தாலும் வயிறு நிறையப் போட வேண்டும். அன்றைக்குத்தான் அடுத்த குடும்பம் முன்வந்து அவரைத் தோளில் தூக்கிப் போகும். யாரும் முன்வராவிட்டால் அவர் இருந்த இடத்திலேயே இருப்பார், வீட்டுக்காரியும் அவரோடு கிடப்பாள். அந்த வீட்டுக்காரி நான்தான். என் பெயர் எவோதியா.

ஒரு காலத்தில் அவரை வாங்குவதற்கு அடிதடியே நடந்திருக்கிறது. நாங்கள் இருக்கிற இந்த ஹார்லன் ஃபோர்க்கில் மாட்டுக்கறி ஆலை ஓடிய நாட்களில் ஆற்றங்கரைத் தெரு முழுக்க எங்கள் ஊர்க்காரர்கள்தான். ஜன்னலைத் திறந்தால் அத்தை, பின்வாசலில் சித்தப்பா. பிறகு ஆலையை மூடினார்கள். நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் உருண்டார்கள். கோழி வெட்டுகிற ஊர், பன்றி வெட்டுகிற ஊர் என்று மாநிலத்தில் எங்கே கத்தி பிடிக்க ஆள் கேட்டார்களோ அங்கெல்லாம் போனார்கள். என் வீட்டுக்காரர் ஃபிலெமோன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார், நான் முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன். எங்களுக்கு ஆலையோடு சம்பந்தமில்லாததால் நாங்கள் தங்கிவிட்டோம். செபஸ்தியாரும் எங்களோடு மாட்டிக்கொண்டார்.

ஆலையை வேறொருவர் வாங்கி மறுபடி திறந்தது உண்மை. ஆனால் சம்பளத்தைக் குறைத்துவிட்டார், எங்கள் ஆட்கள் திரும்பவில்லை. குவாத்தமாலாக்காரர்கள் வந்தார்கள். தங்களுக்குள் வேறு ஏதோ பாஷை பேசுவார்கள், கடையில் நம்மைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்குவார்கள். நானும் அவர்கள் பக்கம் போனதில்லை. போக என்ன இருக்கிறது?

இந்த வருஷம் நான் கிளம்பியாக வேண்டும். ஒமாஹாவில் என் மகள் நயேலிக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. போன தடவை குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருமகன் லாரிக்காரன், வாரம் முழுக்கச் சாலையில் இருப்பான். ஃபிலெமோனுக்கு அங்கே ஒரு பஸ் வேலையும் கிடைத்துவிட்டது. திருவிழா முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். செபஸ்தியாரை வாங்க ஆள் வந்தால்தான் அந்த வாக்கு நிற்கும். இல்லாவிட்டால் ஃபிலெமோன் மட்டும் ஒமாஹா போவார், நான் இங்கே விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

இந்த மாதிரிச் சிக்கல் வந்தால் ஊர்ப் பெரியவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மெக்சிகோவுக்குப் போன் போட்டேன். பெரியவர் கிரிசோஃபரோ எனக்குப் பெரியப்பா முறை. நம் ஜனம் எந்த ஊரில் அதிகமோ அங்கேதான் சாமி இருக்கணும், அதுதான் முறை என்றார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்படியானால் எந்த ஊருக்குக் கொண்டுபோகட்டும் என்று கேட்டேன்.

"எங்கயும் கொண்டுபோக வேணாம். நம்ம ஆளுங்க எல்லாரும் அங்கதான இருக்காங்க, ஹார்லன் ஃபோர்க்ல."

இங்கே நானும் இவரும்தான் இருக்கிறோம் என்று சொன்னேன். அவர் சிரித்தார். ஊர்க்காரர்கள் எல்லாருடைய போன் நம்பரும் தன்னிடம் இருக்கிறது, பேத்தியை விட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று, எல்லாமே அந்தப் பழைய மூன்று எண்களில்தான் ஆரம்பிக்கிறது, அது உன் ஊர் நம்பர்தானே என்றார். அமெரிக்காவில் ஊர் மாறினாலும் நம்பரைக் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? வீட்டை விட்டுப் போனவன் வீட்டு நம்பரையும் பிடுங்கிக்கொண்டா போவான் என்று கேட்டார். போனை வைத்த பிறகு, இந்த மனுஷன் சொல்வதுதான் சரியோ, எல்லாரும் இங்கேயே எங்காவது ஒளிந்திருக்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தெருவை எட்டிப் பார்த்தேன். பனிதான் இருந்தது.

நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று ஃபிலெமோனிடம் சொன்னேன். எந்த ஊரில் நம்மவர்கள் அதிகம் என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் பெரியவர் மறுக்க முடியாது. செபஸ்தியாரைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாதே, அதனால் கதவைப் பூட்டாமல் வெறுமனே சாத்திவிட்டு, அவரையும் விளக்கோடு வேனில் ஏற்றினோம். பின் சீட்டில் உட்கார வைக்க முடியாது, சாய்த்து வைத்து, அம்புகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்து பெல்ட் மாட்டினோம்.

முதலில் ஸ்கைலர் என்கிற ஊர். அங்கே ரூட்டிலியோ இருக்கிறான், எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரன், ஒருமுறை செபஸ்தியாரை வாங்குவதற்காக மூக்கை உடைத்துக்கொண்டவன். ஊருக்குள் நுழைந்ததுமே எனக்குக் குஷி வந்துவிட்டது. கடைப் பலகை எல்லாம் ஸ்பானிஷ், ரொட்டி வாசனை, சைக்கிளில் போகிற பையன் கூட நம்ம பையன் முகம். இங்கே விட்டுவிடலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன். ரூட்டிலியோ கதவைக் கொஞ்சமாகத் திறந்து எங்களைப் பார்த்தான், எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தான், பிறகுதான் உள்ளே விட்டான்.

விஷயத்தைச் சொன்னேன். நம்மவர்கள் இங்கே எங்கே இருக்கிறார்கள் என்று அவன் கையை விரித்தான். அந்தக் கடை சால்வடோர்க்காரனுடையதாம், ரொட்டிக் கடை ஹோண்டுராஸாம், நம்மவர்கள் எல்லாரும் பன்றி வெட்டுகிற கிரீட் ஊருக்குப் போய்விட்டார்களாம். இத்தனைக்கும் அவன் பின்னால் அடுப்பங்கரையில் அவன் தம்பியும் மச்சினனும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் கையால் காட்டினேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒளிக்காமச் சொல்றேன். இப்ப வாசல்ல நாலு வண்டி சேர்ந்து நின்னாலே எவன் வந்து என்ன கேப்பானோன்னு இருக்கு. என் மச்சினனுக்கு இந்த நாட்டுல இருக்கக் காகிதம் இல்ல. இந்த நேரத்துல சாமியத் தூக்கிட்டுத் தெருவுல போகச் சொல்றீங்களா?"

எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. அவன் வேன் வரைக்கும் வந்து கண்ணாடி வழியாகச் செபஸ்தியாரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். நாங்கள் கிளம்புவதற்குள் கதவைச் சாத்திவிட்டான்.

கிரீட்டில் ஒப்துலியா, ஃபிலெமோனின் சித்தி மகள். அவள் வீட்டுக்குள் கூப்பிடவே இல்லை. கைகளைத் துடைத்துக்கொண்டே வேனுக்கு வந்து, முன் சீட்டுப் பக்கம் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் அவள் தெருவில் இருக்கிற எங்கள் ஊர்க் குடும்பங்களும் மொத்தமாக அல்லேலூயா சபைக்குப் போய்விட்டார்கள். சுரூபம் வீட்டுக்குள் வந்தால் சபையில் வாயைத் திறக்க முடியாதாம். அப்போது நீங்கள் எல்லாம் எங்கள் ஊர்தானா இல்லையா என்று கேட்டேன்.

"ஊரு ஊருதான் மதினி, அதுல என்ன சந்தேகம். சாமிக்கு மட்டும் எங்கள எண்ணாதீங்க."

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஊருக்கு உண்டு, சாமிக்கு இல்லை என்றால் அரை ஆளா? நம்மவர்கள் ஸ்கைலரில்தான் நிறைய இருக்கிறார்கள் என்று அவள் வேறு சொன்னாள். ஃபிலெமோன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். அவள் பேசிக்கொண்டே பின் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, செபஸ்தியாரின் ஸ்வெட்டரை இழுத்துச் சரிசெய்தாள். கண் கலங்கியிருந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள், கையை எடுத்துக்கொண்டாள்.

அங்கிருந்து ஒமாஹா. நயேலியின் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. செபஸ்தியாரை அடுத்தவர் வீட்டு நாய் குரைக்கக் குரைக்கத் தூக்கிக்கொண்டு ஏறினோம். ஒமாஹாவின் தெற்குப் பக்கம் முழுக்க மெக்சிகோ ஜனங்கள். தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள், நேற்று வந்தவர்கள், பாதிப் பேருக்கு ஸ்பானிஷே வராது. எங்கள் ஊர்க்காரி ஒருத்திதான், அவள் கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். இவளுக்கும் பழைய நம்பர்தான், பெரியவர் கணக்கில் இவளும் ஹார்லன் ஃபோர்க்.

நான் நடந்ததையெல்லாம் புலம்பினேன். இவன் அவனைக் காட்டுகிறான், அவள் இவனைக் காட்டுகிறாள், ஜனம் எங்கேதான் போய்விட்டது, எங்கே அதிகம் என்று யாரைக் கேட்பது என்று மூச்சு விடாமல் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, எங்க கூட்டம் ஜாஸ்தின்னு ஊர் ஊராப் போய்ப் பாக்குறீங்க. நான் ஒருத்திதான் இங்க. ஒருத்தி இருந்தா வரமாட்டீங்களா?"

நான் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன். செபஸ்தியாரையும் இங்கேயே வைத்துக்கொள்ளலாமே என்று ஃபிலெமோன் மெதுவாகச் சொன்னார். திருவிழாவன்று தூக்க யார் இருக்கிறார்கள்? சப்பரம் தூக்கத் தோள் வேண்டும், கர்ப்பிணியும் லாரிக்காரனும் போதாது. தூக்க ஆளில்லாத இடத்தில் சாமியை வைப்பது சாமியைக் கடாசுவது, அதை என்னால் செய்ய முடியாது. மறுபடி மூன்று மாடி இறக்கினோம்.

திரும்பி வந்த வாரம் நகராட்சிக்காரர் ரேடியோவில் பேசினார். ஹார்லன் ஃபோர்க்கில் ஸ்பானிஷ் நாடுகளிலிருந்து வந்த எல்லாரையும் சேர்த்து ஹிஸ்பானியர் தொகை முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குக் கூடிவிட்டது, இப்போது ஊரில் பாதிக்கு மேல் அவர்கள்தான் என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். மெக்சிகோவில் ஒருவர், எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்கிறார். இங்கே ஒருவர், முன்னைவிட அதிகமாக இருக்கிறார்கள் என்கிறார். தெருவில் நான் மட்டும் ஒருத்தரையும் காணோம் என்கிறேன். பைத்தியம் யாருக்கு? ஃபிலெமோனைக் கேட்டேன்.

"என் பஸ்ல பாதிக்கு மேல நம்ம பிள்ளைங்கதான" என்றார் அவர்.

"நம்ம பிள்ளைங்கன்னா யாரு?"

அவர் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார். அந்த மனுஷனுக்கு எல்லாப் பிள்ளைகளும் நம்ம பிள்ளைகள்தான், அவரிடம் போய்க் கேட்டேன் பாருங்கள்.

திருவிழா வந்தது. பழைய புத்தியில் பெரிய அண்டாவில் போசோலே வைத்தேன். சோளமும் பன்றிக்கறியும் விடிவதற்கு முன்னாலிருந்தே கொதித்தது. ஸ்கைலரிலிருந்து யாரும் வரவில்லை, கிரீட்டிலிருந்தும் வரவில்லை. ஃபிலெமோனும் அவருடைய பஸ் டிப்போ நண்பர் ஒருவரும், பாதிரியாரின் தம்பியுமாகச் செபஸ்தியாரைக் கோவிலுக்குத் தூக்கிப் போனார்கள். பின்னால் நான் ஒருத்தி விளக்கைப் பிடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். அழுகையும் பாட்டும் ஒன்றாக வந்தது, நல்லவேளை கேட்க ஆளில்லை.

பூசை முடிந்ததும் பாதிரியார் வழக்கப்படி கேட்டார், இந்த வருஷம் யார் ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சுகளில் சலசலப்பு. நிமிர்ந்தால் குவாத்தமாலாக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள், கோவிலில் பாதி அவர்கள்தான் என்பதையே அப்போதுதான் கவனித்தேன். முன்னால் ஒரு பெண் வந்தாள், முதுகில் குழந்தையைக் கட்டியிருந்தாள். செபஸ்தியார் முன்னால் மண்டியிட்டு அவளுடைய பாஷையில் அவரிடம் என்னவோ பேசினாள், ரொம்ப நாள் பழக்கம் போல. அவள் பெயர் பெத்ரோனா.

இது எங்கள் ஊர்ச் சாமி என்று நான்தான் முதலில் சொன்னேன். சொன்ன வேகம் எனக்கே நன்றாக இல்லை.

"எங்க ஊருக்கும் இவர்தான்க்கா" என்றாள் அவள். ஸ்பானிஷைத் தேடித் தேடிப் பேசினாள். "மலை மேல எங்க கோவில்ல இதே முகம். வந்த நாள்லேருந்து உங்க ஜன்னல் வழியாப் பாத்துக் கும்பிட்டுட்டுத்தான் வேலைக்குப் போறோம். உள்ள வரலாமான்னு கேக்க எங்களுக்குப் பயம்."

எங்களைப் பார்த்தா பயம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் ரூட்டிலியோ வீட்டுக் கதவு ஞாபகம் வந்தது. இவர்களுக்குக் காகிதம் இருக்கிறதா, தெருவில் தூக்கிக்கொண்டு போகப் பயமில்லையா என்று கேட்டேன். பயம்தான் என்றாள். கொடுப்பீர்களா என்று கேட்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொடுத்தால் நான் மகளிடம் போகலாம். கொடுத்தால் எங்கள் ஊரின் சாமி எங்கள் ஊர் ஆள் ஒருவர் கூட இல்லாத கூட்டத்துக்குப் போய்விடும். நம் ஜனம் அதிகமாக இருக்கிற ஊர் என்றால் இதுதானா, இது நம் ஜனமா, யார் சொல்ல வேண்டும், பெரியவரா, ரேடியோக்காரரா, இவரா? செபஸ்தியார் எப்போதும் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார், ஒத்தாசை ஒன்றும் இல்லை. என் கை தானாகப் போய் விளக்கை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டது. சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியாது. அவர்கள் தூக்கியபோது தோள்களுக்குப் பஞ்சமே இல்லை. என் அண்டாவும் அன்றைக்குக் காலியானது.

அன்று சாயங்காலம் பெரியவருக்குப் போன் செய்து, செபஸ்தியார் ஹார்லன் ஃபோர்க்கிலேயே இருக்கிறார், இந்த வருஷம் நிறையப் பேர் தூக்கினார்கள் என்று மட்டும் சொன்னேன். நான் அப்போதே சொன்னேனா இல்லையா என்று அவர் சந்தோஷப்பட்டார். யார் யார் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வீட்டைக் காலி செய்தோம். வேனில் சாமான்களை அடைத்து, முதல் தடவையாகக் கதவைப் பூட்டினேன். பூட்டு சரியாக விழுந்ததா என்று திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தேன். போகிற வழியில் பெத்ரோனா வீட்டில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். ஆலைக்குப் பின்னால், சக்கரம் வைத்த வீடுகள் வரிசையில் கடைசி வீடு. வண்டியை அணைக்காமல் ஃபிலெமோன் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே நிற்க இடமில்லை. யாரோ மரிம்பா வாசித்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் கால்களுக்குள் ஓடினார்கள். செபஸ்தியார் மேல் எங்கள் ஸ்வெட்டரைக் காணோம். கையால் நெய்த சிவப்புச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார்கள், இடுப்புக்குத் தனியாகக் கச்சை. அவருக்கு அது பொருந்தியிருந்தது, அதுதான் எனக்கு வலித்தது. நாலு வருஷம் என்னோடு தனியாகக் கிடந்தவர், இத்தனை பேருக்கு நடுவில் கொஞ்சம் கூட மாறாத முகத்தோடு நின்றார். பெத்ரோனா எங்கோ அடுப்படியில் இருந்தாள் போல.

வாசலில் நின்ற பையன் என்னைப் புதிதாகப் பார்த்தான். மரியாதையாகத்தான் கேட்டான்.

"நீங்க எந்த ஊரு அக்கா?"

மெக்சிகோ என்று சொல்ல வாய் எடுத்தேன், அங்கே என்னைத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒமாஹா என்று சொல்லலாம், அங்கே இன்னும் ஒரு பையைக்கூட இறக்கவில்லை.

"இந்த ஊர்தான் தம்பி" என்றேன்.

"இந்த ஊரா? உங்களை நான் பாத்ததே இல்லையே" என்று சொல்லி, அவன் நகர்ந்து வழி விட்டான். நான் போய்ச் சாமி கும்பிடுகிறவர்கள் வரிசையில் கடைசியாக நின்றேன்.